பன்னுக்குள் புகுந்த பச்சை மிளகாய்

தமிழ்நாட்டில் பஸ் நிலையம் என்று ஒன்று இருக்கும் எந்த ஊரிலும் அந்தப் பெயர்ப்பலகையும் இருக்கும்: 'பெங்களூர் ஐயங்கார் பேக்கரி.' கண்ணாடி அலமாரிக்குள் தேங்காய் பன், தேங்காய்த் துருவல் தூவிய ஹனி கேக், மஞ்சளும் சிவப்புமாக டூட்டி ஃப்ரூட்டி எட்டிப்பார்க்கும் துண்டுகள். கல்லாவில் உட்கார்ந்திருப்பவரின் தமிழில் லேசான கன்னட இழுவை. அவர் ஐயங்கார்தானா என்று யாரும் கேட்டதில்லை. பஸ் கிளம்பிவிடும் அவசரத்தில் அதையெல்லாம் விசாரிக்க யாருக்கு நேரம்?

ஆனால் கேட்கவேண்டிய கேள்விதான். ஸ்ரீரங்கத்திலும் காஞ்சிபுரத்திலும் திருநாராயணபுரத்திலும் நூற்றாண்டுகளாக வாழும் ஐயங்கார்களுக்குப் புளியோதரை தெரியும், அக்காரவடிசல் தெரியும், கோயில் மடப்பள்ளியின் அளவும் பக்குவமும் தெரியும். மைதா மாவைப் புளிக்கவைத்து அடுப்புக்குள் தள்ளும் வித்தை அவர்கள் வீட்டுச் சமையலில் எங்கும் இல்லை. அப்படிப்பட்ட ஒரு சமூகத்தின் பெயர் எப்படி ரொட்டிக் கடைக்குப் போய்ச் சேர்ந்தது? விடை பெங்களூருவில் இருக்கிறது. அதைத் தேடிப் போகிறவர்கள் வயிற்றைக் காலியாக வைத்துக்கொண்டு போவது நல்லது.

பெங்களூரு ஒரே ஊர் என்று நினைப்பது சமீபகாலத்துப் பழக்கம். கெம்பே கௌடா 16ஆம் நூற்றாண்டில் கட்டிய 'பேட்டை' ஒரு ஊர். 1809இல் ஆங்கிலேயர் அமைத்த கண்டோன்மெண்ட் இன்னொரு ஊர். நடுவில் கப்பன் பூங்கா, ஒரு வேலிபோல. பேட்டையில் கன்னடமும் தெலுங்கும் மராட்டியும் ஒலித்தன. கண்டோன்மெண்டில் சிப்பாய்களுடனும் கட்டடவேலைக்கும் சமையல்வேலைக்கும் வந்த ஆற்காட்டு, சென்னைத் தமிழர்கள். வெள்ளைக்காரப் பட்டாளத்துக்கு ரொட்டி இல்லாமல் விடியாது என்பதால், ரொட்டி கண்டோன்மெண்ட் சமாசாரமாகவே இருந்தது. 1902இல் தொடங்கிய ஆல்பர்ட் பேக்கரி இன்றும் ஃபிரேசர் டவுனின் மசூதி சாலையில் இருக்கிறது. பிற்பகலில்தான் கடை திறப்பார்கள். ஆட்டு மூளை வைத்த பஃப்ஸுக்காக அதற்கு முன்பே வாசலில் ஆள் நிற்கும்.

பேட்டைக்காரர்களுக்கு இது ஆகாது. முட்டை போட்டிருப்பார்களோ, யார் கை பட்டதோ என்ற சந்தேகம். நம் பக்கத்திலும் ரொட்டியின் கதி அப்போது இதுதான். காய்ச்சல் வந்தால் டாக்டர் சொல்வார். பாலில் நனைத்து இரண்டு துண்டு. குணமானதும் மறந்துவிடலாம். ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போகிறவர்கள் கையில் ஒரு ரொட்டிப் பொட்டலம் இருந்தால்தான் மரியாதை. நோயாளியின் உணவாக நுழைந்த பண்டம் நான்கு மணிப் பலகாரமாக மாறியதே இந்தக் கதையின் சாரம்.

1898இல் பெங்களூருவைப் பிளேக் தாக்கியது. நெரிசலான பேட்டையை விட்டு மக்கள் வெளியேற, பசவனகுடி, மல்லேஸ்வரம் என்று புதிய பகுதிகள் பிறந்தன. அதே 1898இல்தான் பேட்டைக்குள், சிக்கப்பேட்டைப் பகுதியில், எச்.எஸ். திருமலாச்சார் என்பவர் 'பெங்களூர் பிராமின்ஸ் பேக்கரி'யைத் தொடங்கினார். சுருக்கமாக பி.பி. பேக்கரி. ஹாசன் பக்கத்திலிருந்து வந்து இனிப்புக் கடை வைத்திருந்தவர். கடைக்கு வாடிக்கையாக வந்த ஓர் ஆங்கிலேயர், 1887 முதல் நடந்துவந்த வெஸ்ட் எண்ட் ஓட்டலோடு தொடர்புடையவர், அவருக்கு ரொட்டி சுடக் கற்றுக்கொடுத்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. கதையில் எவ்வளவு சதவீதம் பாகு என்பது வேறு விஷயம். ஹாசனிலிருந்து ஒருவர் வந்து ஜெயித்தால் அவருடைய மைத்துனர் வருவார், மைத்துனரின் பங்காளி வருவார், அவர்களுக்குப் பின்னால் அந்த ஊரே வரும். உடுப்பிக்காரர்கள் ஓட்டல் தொழிலைப் பிடித்ததும் இப்படித்தான். சில பத்தாண்டுகளில் பெங்களூருவின் தெருமுனைகளெல்லாம் ஹாசன்காரர்களின் அடுப்பாயின.

கற்றுக்கொண்டதை அப்படியே செய்திருந்தால் அவர்கள் பத்தோடு பதினொன்றாகியிருப்பார்கள். இவர்கள் முதலில் முட்டையை வெளியே தள்ளினார்கள். முட்டை இல்லாமல் கேக் உப்புவது சுலபமல்ல. மாவைப் பிடித்து நிறுத்துவதும் மெதுவாக வைப்பதும் அதுதான். அந்த இடத்தைத் தயிரும் சோடா உப்பும் நெய்யும் பாலும் நிரப்பின. சற்று அழுத்தமாக, சற்று ஈரமாக ஒரு கேக் பிறந்தது. லண்டனில் தோற்றிருக்கும். சிக்கப்பேட்டையில் ஜெயித்தது.

அடுத்து அவர்கள் செய்ததுதான் புரட்சி. பன் மாவுக்குள் பச்சை மிளகாய், கொத்தமல்லி, கறிவேப்பிலை, வெங்காயம். அடைக்கோ வடைக்கோ அரிந்து வைத்ததைத் தூக்கிப் போட்டதுபோல. 'காரா பன்' பிறந்தது அப்படி. ஆங்கிலேயனின் பன்னை வடையின் உறவுக்காரனாக மாற்றிவிட்டார்கள். டோனட் விற்கும் அமெரிக்க நிறுவனங்கள் இந்த நகரத்துக்கு வந்து கடைவிரித்தது 21ஆம் நூற்றாண்டில். நடுவில் ஓட்டையுள்ள பண்டம் நமக்குப் புதிதா என்று உளுந்து வடை கேட்கலாம், கேட்கவும் செய்தது. ஆனால் அயல்நாட்டுப் பண்டத்தைத் தன் வழிக்குக் கொண்டுவரும் வேலையை காரா பன் அதற்கு முன்பே செய்து முடித்திருந்தது.

இவற்றுக்கெல்லாம் இப்போது ஒரு தலைநகரம் உண்டென்றால் அது வி.வி.புரம். மைசூர் திவான் விஸ்வேஸ்வரய்யாவின் பெயரைத் தாங்கிய விஸ்வேஸ்வரபுரம். லால்பாகின் மேற்குப்புறம், பசுமை வழி மெட்ரோவில் நேஷனல் காலேஜ் நிலையத்தில் இறங்கினால் நடை தூரம். சஜ்ஜன் ராவ் வட்டத்தை ஒட்டிய குறுகலான தெருவுக்கு அரசாங்கம் என்ன பெயர் வைத்திருந்தாலும் ஊர் வைத்த பெயர் 'திண்டி பீதி'. பீதி என்றால் வீதி. தமிழ் வாசகர் பீதியடைய வேண்டாம். தமிழில் வகரம் உள்ள இடத்தில் கன்னடத்தில் பகரம் வரும்: வீதி பீதியாகும், வெண்ணெய் பெண்ணெயாகும், வேண்டும் பேக்காகும். இந்த ஒரு விதியைத் தெரிந்துகொண்டால் பெங்களூருவில் பாதிப் பெயர்ப்பலகை புரிந்துவிடும்.

மாலை மங்கும்போது தெரு விழித்துக்கொள்கிறது. தோசைக்கல்லில் தண்ணீர் தெளிக்கும் சீறல், ஹோளிகை (நம் போளிதான்) தட்டும் சத்தம், ஜிலேபி எண்ணெய், அறுத்து உப்புமிளகாய் தூவிய மாங்காய். இந்தத் தெருவின் மூத்த குடிகளில் ஒன்று வி.பி. பேக்கரி. 1953இல் தொடங்கியது. உட்கார்ந்து சாப்பிடும் இடமல்ல. நாற்காலி, மேஜை, மெனு அட்டை என்ற சம்பிரதாயங்கள் கிடையாது. கல்லாவுக்கு முன்னால் நிற்கவேண்டும், விரலை நீட்டவேண்டும், வாங்கவேண்டும், நடைபாதையில் நின்று தின்னவேண்டும். பக்கத்தில் நிற்பவர் காரில் வந்தவரா, ஆட்டோ ஓட்டுபவரா என்பது தின்கிற வேகத்தைப் பார்த்தால் தெரியாது.

முதல்முறை போகிறவருக்கு வரிசை என்பது இங்கே ஒரு கற்பனைக் கோடு என்பது புரிய ஐந்து நிமிடம் ஆகும். அந்த ஐந்து நிமிடத்தில் எட்டுப் பேர் முந்திவிடுவார்கள். 'ஒந்து காரா பன் கொடி' என்று சற்று உரக்கச் சொன்னால் வேலை நடக்கும். தமிழில் கேட்டாலும் நடக்கும். கல்லாக்காரர் கண்ணுக்கு எல்லா மொழியும் சில்லறைதான்.

காரா பன் கைக்கு அடக்கமானது. மேலே பளபளக்கும் பழுப்பு, பிய்த்தால் உள்ளே பச்சைப் புள்ளிகள். முதல் கடியில் மிளகாய் தெரியாது. ரொட்டியின் இனிப்புதான் தெரியும். விழுங்கியபின் தொண்டையில் வந்து கதவைத் தட்டும். மசாலா டோஸ்ட் என்பது வெண்ணெயில் வாட்டிய ரொட்டித் துண்டின் மேல் காரட், வெங்காயம், கொத்தமல்லிக் கலவையைப் பரப்பித் தருவது. கையெல்லாம் சிந்தும், சட்டையிலும். தில்பசந்த் நம் ஊர்த் தேங்காய் பன்னுக்கு அண்ணன்: வட்டமான மெல்லிய மேலோடு, உள்ளே சர்க்கரையும் தேங்காயும், சிவப்பாகச் சிரிக்கும் டூட்டி ஃப்ரூட்டி. அந்தச் சிவப்பு பழமல்ல, பப்பாளிக்காயைச் சர்க்கரையில் ஊறவைத்துச் சாயமேற்றியது. ஹனி கேக்கிலும் தேனைவிடச் சர்க்கரைப் பாகுதான் தாராளம். இதையெல்லாம் தெரிந்துகொண்டபின் யாரும் சாப்பிடுவதை நிறுத்தியதாகத் தெரியவில்லை.

பெயர்களைப் பாருங்கள். தில்பசந்த் ஹிந்துஸ்தானி. பன் ஆங்கிலம். காரா கன்னடம், தமிழின் காரத்துக்கு ஒட்டுறவு. கடைக்குப் பெயர் ஐயங்கார். மொழிபெயர்ப்பு வேலை செய்கிறவனுக்கு இந்த அலமாரி ஒரு வகையில் ஆறுதல். யாரும் யாரையும் மொழிபெயர்க்காமலே ஒரே தட்டில் இருக்கிறார்கள்.

இங்கே கட்டாயம் கேட்டு வாங்கவேண்டியது காங்கிரஸ் பன். பன்னைக் குறுக்கே பிளந்து, வெண்ணெய் தடவி, காங்கிரஸ் கடலையை அள்ளித் திணித்துத் தருவார்கள். மெத்தென்ற பன்னுக்குள் கடலை நொறுங்குவது ஒரு தனி அனுபவம். கடலைக்கு ஏன் காங்கிரஸ் என்று பெயர்? நிலக்கடலையை வறுத்துத் தோல் நீக்கி இரண்டாகப் பிளந்து, மிளகாய், மிளகு, மஞ்சள், பெருங்காயம், கறிவேப்பிலை சேர்த்துப் பிரட்டிய சரக்கு அது. இரண்டாகப் பிளந்தது என்பதுதான் குறிப்பு.

1969 ஜூலையில் காங்கிரஸின் அகில இந்தியக் கமிட்டி இந்தத் தெருவிலிருந்து நடந்துபோகும் தூரத்தில், லால்பாக் கண்ணாடி மாளிகையில் கூடியது. ஜனாதிபதி ஜாகீர் உசேன் மே மாதம் காலமாகிவிட்டார். அடுத்தவர் யார் என்பதில் இந்திரா காந்திக்கும், நிஜலிங்கப்பா, காமராஜ், எஸ்.கே. பாட்டீல் முதலியோர் அடங்கிய 'சிண்டிகேட்'டுக்கும் பெங்களூருவில் மோதல் பகிரங்கமானது. கட்சியின் பாராளுமன்றக் குழுவில் சிண்டிகேட்டின் ஆளான சஞ்சீவ ரெட்டி தேர்வானார். டெல்லி திரும்பிய இந்திரா, ஜூலை 19 அன்று 14 வங்கிகளை நாட்டுடைமையாக்கினார். ஆகஸ்டில் வி.வி. கிரி ஜெயித்தார். நவம்பரில் கட்சி இரண்டானது. தமிழ்நாட்டில் காமராஜின் பெயரோடு 'பழைய காங்கிரஸ்' என்ற சொல் ஒட்டிக்கொண்டது. பெங்களூருவில் பிளந்த கடலையோடு 'காங்கிரஸ்' ஒட்டிக்கொண்டது. அரசியல் ஆய்வாளர்கள் அந்தப் பிளவைப் பற்றிப் புத்தகம் புத்தகமாக எழுதியிருக்கிறார்கள். பேக்கரிக்காரர்கள் ஒரே சொல்லில் முடித்துவிட்டார்கள்.

இது உண்மையா என்று கேட்டால், இந்த ஊரில் பெயர்க்காரணங்களைச் சற்று ஜாக்கிரதையாகத்தான் நம்பவேண்டும். வழிதவறிய ஹொய்சள மன்னன் வீரபல்லாளனுக்கு ஒரு கிழவி அவித்த பயறு கொடுத்ததால் 'பெந்த காளு ஊரு' பெங்களூர் ஆனது என்று இன்னமும் பள்ளிக்கூடத்தில் சொல்கிறார்கள். ஆனால் வீரபல்லாளனுக்குச் சுமார் முந்நூறு ஆண்டு முந்தைய பேகூர்க் கல்வெட்டில் 'பெங்களூரு' என்ற பெயர் அப்படியே இருக்கிறது. கிழவியின் பயறு வேகும் முன்பே ஊருக்குப் பெயர் வைத்தாகிவிட்டது. கடலைக் கதைக்கு அந்தக் கெடுதல் இல்லை. இடமும் காலமும் பொருந்துகின்றன. பசவனகுடி பெரிய நந்தி கோயிலருகே கார்த்திகை மாதக் கடைசித் திங்களில் கடலைக்காய்த் திருவிழாவே நடத்தும் ஊர் இது. கடலையை வைத்துக் கட்சியைக் கேலிசெய்ய இவர்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

இனி, ஐயங்கார்.

ராமானுஜர் 12ஆம் நூற்றாண்டில் சோழநாட்டை விட்டு ஹொய்சள நாட்டுக்கு வந்து மேல்கோட்டையில் தங்கினார் என்பது வைணவ மரபு. திருநாராயணபுரம் என்று நம்மவர்கள் சொல்வது அந்த மேல்கோட்டையைத்தான். அவரைச் சுற்றியும் அவருக்குப் பின்னும் அங்கே வேர்விட்டவர்களின் வழிவந்தவர்கள் மண்டயம் ஐயங்கார்களும் ஹெப்பார் ஐயங்கார்களும். மண்டயத்தார் தமிழ் வாசகர்களுக்குப் புதியவர்களல்ல. 1906இல் தொடங்கி பாரதி ஆசிரியராக இருந்த 'இந்தியா' வாரப் பத்திரிகையை நடத்தியது மண்டயம் குடும்பம்தான். ஹாசன் பக்கத்து ஹெப்பார்கள் அந்த அளவுக்கு நம் கண்ணில் படவில்லை. பட்டபோது கையில் பன் இருந்தது.

அவர்கள் வீட்டில் பேசுவது தமிழ். எந்தத் தமிழ் என்று கேட்டால் பதில் சொல்வது கடினம். ரசம் 'சாத்துமது' ஆகும், அது சாற்றமுது. சமையல் 'தளிகை'. பொரியல், கறியமுதின் தேய்ந்த வடிவம். பாயசம், திருக்கண்ணமுதிலிருந்து வந்த 'கண்ணமது'. எம்.ஏ. வகுப்பில் சொல்லாராய்ச்சி என்ற பெயரில் படித்ததெல்லாம் இங்கே மதியச் சாப்பாட்டில் பரிமாறப்படுகிறது. வினைச்சொற்களிலும் ஒட்டுக்களிலும் கன்னடம் ஏறியிருக்கும். எழுதுவதோ கன்னட எழுத்தில். நாலாயிரத் திவ்வியப் பிரபந்தம் கன்னட லிபியில் அச்சாகிக் கிடைக்கிறது. மார்கழி முப்பது நாளும் திருப்பாவை பிசகில்லாமல் சொல்லும் பாட்டிக்குத் தமிழ் எழுத்தில் ஒன்றுகூடத் தெரியாமலிருக்கலாம். ஆண்டாளுக்கும் அவருக்கும் நடுவே அது ஒரு தடையாக இருந்ததில்லை.

இவர்களைத் தமிழர் என்று சொந்தம் கொண்டாடும் ஆசை நம்மில் சிலருக்கு எழும். அந்த ஆசையை அடக்கிக்கொள்வது நல்லது. வீட்டில் தமிழ் பேசிய மாஸ்தி வெங்கடேச ஐயங்கார் கன்னடச் சிறுகதையின் தந்தை, 1983ஆம் ஆண்டுக்கான ஞானபீடம் பெற்றவர், வி.வி.புரத்துக்கு அருகே கவிபுரத்தில் வாழ்ந்தவர். மேல்கோட்டையில் பிறந்த பு.தி. நரசிம்மாச்சார் கன்னட நவோதயக் கவிகளின் முன்வரிசையில் நிற்பவர். மைசூரில் பிறந்த ஏ.கே. ராமானுஜன் குறுந்தொகையை ஆங்கில உலகத்துக்கு 1967இல் எடுத்துச் சென்றார். கவிதை எழுதியதோ ஆங்கிலத்திலும் கன்னடத்திலும். தமிழில் கவிஞராகவில்லை. இவர்கள் தமிழுக்குச் செய்த துரோகமல்ல இது. எண்ணூறு ஆண்டு ஒரு மண்ணின் சோற்றைத் தின்றவர்கள் அந்த மண்ணின் மொழியில் எழுதுவார்கள். அவ்வளவுதான்.

ஹாசன் மாவட்டத்துக் கோரூரில் பிறந்த சுதந்திரப் போராட்ட வீரரும் நகைச்சுவை எழுத்தாளருமான கோரூர் ராமசுவாமி ஐயங்கார் 1991இல் காலமானார். அவர் ஊரின் பெயரைத் தாங்கிய அணை ஹேமாவதி மேல் 1979இல் எழுந்தது. ஹேமாவதி காவிரியில் கலந்து மேட்டூருக்கு வருகிற தண்ணீர். அதே 1991இன் டிசம்பரில், காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவு மத்திய அரசிதழில் வெளியானதும் பெங்களூருவில் வெடித்த கலவரத்தில் தமிழர்களின் குடிசைகளும் கடைகளும் எரிந்தன; உயிர்கள் போயின; பல்லாயிரம் பேர் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு எல்லை தாண்டினார்கள். அந்தத் தமிழர்கள் பெரும்பாலும் கட்டட வேலைக்கும் கூலிக்கும் வந்த ஏழைகள். வீட்டில் தமிழ் பேசுவதற்கும் 'தமிழன்' என்று அடையாளம் காணப்படுவதற்கும் இடையே எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதை அந்த டிசம்பர் காட்டியது. இன்று திண்டி பீதியில் சேலத்துக் குடும்பம் ஒன்று தமிழில் சத்தமாகச் சண்டைபோட்டுக்கொண்டு தோசை தின்பதைப் பார்க்கும்போது, அந்த நாட்களை நினைவுள்ளவர்களுக்கு ஒரு நிம்மதி வரும். 2016 செப்டம்பரில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பஸ்கள் மீண்டும் எரிந்ததும் கூடவே நினைவுக்கு வரும்.

பெயர்ப்பலகையில் சாதி இருப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. 'பிராமின்ஸ் பேக்கரி' என்று 1898இல் எழுதியது ஓர் உத்தரவாதம்: முட்டை இல்லை, மாமிசம் இல்லை, நீங்கள் அஞ்சும் கை எதுவும் படவில்லை. கடைசியாகச் சொன்னதில்தான் விஷம் இருக்கிறது. நம் ஊரில் 'பிராமணாள்' என்ற சொல்லை ஓட்டல் பலகைகளிலிருந்து அழிக்கக் கோரி பெரியார் 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபே முன்னால் போராட்டம் நடத்தினார். தொண்டர்கள் நாள்தோறும் கைதானார்கள். பலகை மாறியது. அத்தகைய போராட்டம் நடக்காத பெங்களூருவில் 'பிராமின்ஸ்' பலகைகள் இன்றும் தொங்குகின்றன. சங்கரபுரத்து பிராமின்ஸ் காபி பாரில் சாம்பார் இல்லாத இட்லிக்கும் வடைக்கும் சட்னியை மட்டும் ஊற்றித் தருகிறார்கள், கூட்டம் சாலைவரை நிற்கிறது. விசித்திரம் என்னவென்றால், 'பிராமணாள்' போன தமிழ்நாட்டில்தான் 'ஐயங்கார்' பேக்கரி வாசலில் ஊருக்கு ஊர் ஜெகஜோதியாக எரிகிறார். யாரும் அதைச் சாதிப்பெயராகப் படிப்பதில்லை. பன்னின் ஒரு ரகமாகப் படிக்கிறார்கள்.

அப்படிப் படிப்பதற்கு நியாயமும் இருக்கிறது. ஐயங்கார் பேக்கரி என்ற பெயர் எவருக்கும் தனிச்சொத்து அல்ல. ஐயங்கார்களின் அடுப்படியில் மாவு பிசைந்து தொழில் கற்ற ஹாசன் பையன்கள், அவர்களில் பலர் கௌடர்கள், வெளியேறித் தங்கள் கடைகளைப் போட்டார்கள். பலகையில் அதே பெயரை எழுதினார்கள். அவர்களிடம் வேலை கற்றவர்கள் அடுத்த மாநிலத்துக்குப் போனார்கள். ஹாசன் மாவட்டம் நாட்டுக்கு ஒரு பிரதமரைத் தந்தது 1996இல். அதற்கு வெகு முன்பே தென்னிந்தியாவுக்கு பேக்கரிக்காரர்களைத் தர ஆரம்பித்துவிட்டது. தூய்மையின் முத்திரையாகப் பொறித்த ஒரு சாதிப்பெயர், அந்தத் தூய்மை யாரை விலக்கியதோ அவர்கள் கைக்கே போய்ச் சேர்ந்து பிழைப்புத் தருகிறது. சில கடைகளில் இப்போது முட்டை கேக்கும் உண்டு. இதைத் தொழில் தர்மத்துக்கு நேர்ந்த சீரழிவாகப் புலம்புகிறவர்கள் உண்டு. எனக்கு இது ஒரு நல்ல பழிவாங்கலாகத் தோன்றுகிறது, யாருக்கும் வலிக்காத வகையில்.

வலிப்பது வேறு இடத்தில். பழைய முறை பேக்கரியில் அடுப்பு என்பது ஒரு செங்கல் அறை. உள்ளேயே விறகை எரித்து, செங்கல் காய்ந்ததும் தணலையும் சாம்பலையும் வழித்தெடுத்துவிட்டு, மிச்சச் சூட்டில் வேகவைக்கவேண்டும். சூடு உச்சத்தில் இருக்கும்போது ரொட்டியும் பன்னும். சற்றுத் தணிந்ததும் கேக். இன்னும் தணிந்தால் பிஸ்கட். கடைசியில், அடுப்பு அணைகிற நேரத்து இளஞ்சூட்டில், முந்தின நாள் ரொட்டித் துண்டுகள் ரஸ்க்காகக் காயும். ஒரு முறை மூட்டிய நெருப்பை ஒரு பொறிகூட வீணாக்காத கணக்கு. இந்தக் கணக்கு கைக்கு வர வருடக்கணக்கில் பின்னிரவில் எழுந்திருக்கவேண்டும். கைநீட்டி உள்ளே நிறுத்திப் பார்த்துச் சூடு சொல்கிற ஆள் இப்போது அரிது. பெரும்பாலான இடங்களில் டீசல், மின்சார அடுப்புகள் வந்துவிட்டன. பின்னிரவில் எழுந்தவர்களின் பிள்ளைகள் படித்து ஒயிட்ஃபீல்டுக்கும் எலக்ட்ரானிக் சிட்டிக்கும் பஸ் ஏறுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியுமா? மாவு பிசைந்த கைகள் ஆசைப்பட்டதே அதற்குத்தானே.

மற்றத் தொல்லைகள் புதியவை. 2025 ஜூலையில் கர்நாடக வணிகவரித் துறை, கைபேசி வழியே வந்த பணத்தைக் கணக்கிட்டுச் சிறு கடைகளுக்கு ஜி.எஸ்.டி. நோட்டீஸ் அனுப்பியது. பேக்கரி, டீக்கடை, காண்டிமெண்ட்ஸ் கடைகளில் க்யூ.ஆர். அட்டையைக் கழற்றிவிட்டு 'ரொக்கம் மட்டும்' என்று எழுதி வைத்தார்கள். எதற்கெடுத்தாலும் கைபேசியை நீட்டும் தகவல் தொழில்நுட்பத் தலைநகரம் சில நாட்கள் சில்லறை தேடி அலைந்தது. முதலமைச்சர் சித்தராமையா பழைய பாக்கியை வற்புறுத்துவதில்லை என்று சமாதானம் சொன்னபின்தான் அடங்கியது. வரியின் நுட்பங்கள் வேறு. பன்னுக்கு வரி இல்லை, உள்ளே கிரீம் வைத்தால் 18 சதவீதம், இதை எங்கள் கம்ப்யூட்டரே தாங்கவில்லை என்று 2024 செப்டம்பரில் கோவையில் ஓர் ஓட்டல் அதிபர் நிதியமைச்சரிடம் முறையிட்டதும் அதன்பின் நடந்ததும் தமிழ்நாட்டுக்கே தெரியும். 2025 செப்டம்பர் 22 முதல் கேக், பிஸ்கட் வகைகளுக்கு வரி 5 சதவீதமானது. வெண்ணெயும் கடலையும் வைத்துத் தைத்த காங்கிரஸ் பன் எந்தக் கணக்கில் வரும் என்று இந்தத் தெருவில் நின்று கேட்டால் கல்லாக்காரர் முறைப்பார்.

தெருவுக்கும் பகை இல்லாமலில்லை. குடியிருப்பவர்களுக்கு வீட்டு வாசலில் வண்டி நிறுத்த இடமில்லை. குப்பையும் சத்தமும் இரவு வெகுநேரம் ஓய்வதில்லை. 2023இல் தெருவைச் செப்பனிட்டுச் சீரமைத்தபோது, உணவுத் தெருவே வேண்டாம் என்று ஒரு குரலும், இது போனால் எங்கள் பிழைப்பு என்று இன்னொரு குரலும் மோதின. இரண்டிலும் நியாயம் இருந்தது. ஆண்டுதோறும் ஜனவரியில் இந்த வட்டத்தை அடைத்துக்கொண்டு நடந்துவந்த அவரைக்காய் மேளா அதே ஆண்டு நேஷனல் காலேஜ் மைதானத்துக்கு இடம் மாறியது. அவரைப் பருப்பில் தோசை முதல் ஜிலேபி வரை செய்யும் அந்தக் கூத்து இனி ஒரு தனி மைதானத்துக்கே தகும் என்பதில் சந்தேகமில்லை.

போக நினைப்பவர்களுக்கு: கார் வேண்டாம், மெட்ரோ போதும். கடை பிரபலமாகிவிட்டதால் கைபேசியில் படம் எடுப்பவர்கள் வழியை அடைப்பார்கள், ஒதுங்கி நிற்கவேண்டும். காரா பன்னை அங்கேயே தின்றுவிட வேண்டும். ஆறினால் மிளகாய் மட்டும்தான் மிஞ்சும். ஊருக்கு வாங்கிப்போக ஏற்றவை பெண்ணெ பிஸ்கட்டும் ரஸ்க்கும் காங்கிரஸ் கடலையும். கடலை மட்டும் இரண்டு பொட்டலமாக வாங்கவேண்டும். ஒன்று ஓசூர் தாண்டுவதற்குள் தீர்ந்துவிடும்.